லேப்டாப் முதல் தண்ணீர்த் தொட்டி வரை: பெங்களூரில் நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், விவேக் நகர், ராமமூர்த்தி நகர், கே.ஆர். புரம் என்று பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பக்கமெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. லேப்டாப் நகர மாட்டேன் என்கிறது, கரண்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது, அப்பா டைப் செய்து வைத்த தமிழ்க் கோப்பைத் திறந்தால் கன்னாபின்னாவென்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒரு பொருளைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

லேப்டாப் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆன் ஆகவே ஐந்து நிமிஷம் பிடிக்கிறது. "இது தேறாது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்திலேயே எந்த வகை என்று போட்டிருக்கும். அங்கே டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, மேலே சி.பி.யு. பத்து இருபது சதவீதத்தில் சும்மா இருந்தால், உங்கள் லேப்டாப்பின் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. டிஸ்க் கொண்டுவந்து தரும் வரை அது காத்துக் கிடக்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. ஒரு பெரிய கோப்பை நேராகப் படித்தால் நொடிக்கு 100 எம்.பி. அளவுக்குத் தரும். ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை இங்கும் அங்கும் தேடும். ஒவ்வொன்றுக்கும் படிக்கும் முனை நகர்ந்து போக வேண்டும், அங்கேதான் அதன் வேகம் அதலபாதாளத்துக்குப் போகிறது. எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே நொடிக்கு 500 எம்.பி. தரும், சிதறிக் கிடக்கும் கோப்புகளையும் சட்டென்று எடுத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், ஐந்து நிமிஷம் எடுத்த லேப்டாப் அரை நிமிஷத்துக்குள் தயாராவது இதனால்தான்.

அடுத்து ரேம். 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்குங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 இரண்டுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. ஆனால் டி.டி.ஆர். 3-க்குள்ளேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு வகை. குறைந்த வோல்ட்டில் இயங்கும் வகைக்குப் பின்னால் ‘எல்’ என்ற எழுத்து சேரும். அதைக் கேட்கும் லேப்டாப்பில் மற்றதைப் போட்டால் ஆன் ஆகாமல் போகலாம். பழைய ரேமைக் கழற்றி, ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கூடவே ஃபேனில் அடைந்திருக்கும் தூசியை எடுத்து, தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

ரேம் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்ட மெல்லிய மாடல் என்றாலோ, ஸ்கிரீன், பேட்டரி, கீல் மூன்றும் ஒன்றாகப் போயிருந்தாலோ, அப்போது புதுசைப் பற்றி யோசிக்கலாம்.

எஸ்.பி. ரோடு எப்படிப் போவது? ஏமாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைத்தெரு அது, சதார் பத்ரப்பா ரோடு என்பது முழுப் பெயர். மெட்ரோ பச்சை வழித்தடத்தில் சிக்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். ஒயிட்ஃபீல்டு, கே.ஆர். புரம் பக்கமிருந்து வருபவர்கள் ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக் வந்து மாறினால் அடுத்த ஸ்டேஷனே சிக்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்று அந்தப் பக்கம் கூடும் சண்டே பஜார் வேறு விஷயம். அங்கே எஸ்.எஸ்.டி., ரேம் வாங்காதீர்கள்.

பயப்பட ஒன்றும் இல்லை. கன்னடம், இந்தி, தமிழ் எது பேசினாலும் வேலை நடக்கும். என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து போனால் போதும். "லேப்டாப் ஸ்லோ, ஏதாவது பண்ணுங்க" என்று கேட்டால் அவர்கள் விற்க நினைப்பதுதான் கைக்கு வரும். இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.க்கு மூன்று அல்லது ஐந்து வருஷ வாரண்டி சாதாரணமாக உண்டு. அது பில் இருந்தால்தான் கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்: சில நூறு ரூபாய்க்கு விற்கும் 2 டி.பி. பென் டிரைவ். உள்ளே சின்ன மெமரிதான் இருக்கும், பெரிதாகக் காட்டும்படி சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். கோப்பு போவது போலத் தெரியும், பெயரும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கியாகிவிட்டது என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாமே? அம்மாவின் கம்ப்யூட்டரில் அதுதான் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் போடுங்கள். பார்ப்பதற்கு விண்டோஸ் மாதிரியே இருக்கும், தமிழ் நன்றாகத் தெரியும், 4 ஜி.பி. ரேமில் தாராளமாக ஓடும். யூடியூப், வீடியோ கால், மின்சார பில் கட்டுவது, கடிதம் டைப் செய்வது எல்லாம் நடக்கும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பெங்களூரில் இருப்பதன் பெரிய வசதிகளில் இது ஒன்று. கம்பெனிக்காகச் செய்த மாடல்கள் பொதுவாகக் கெட்டியானவை, திறப்பது எளிது, பாகமும் கிடைக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, அதே விலையில் வரும் புது மலிவு லேப்டாப்பை விட இதையே நான் சொல்வேன். ஆனால் கடையிலேயே நின்று சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஆன் செய்யும்போதே, விண்டோஸ் வருவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போகச் சொல்லுங்கள். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், "அப்புறம் எடுத்துத் தர்றோம்" என்பதை நம்பாதீர்கள். இரண்டாவது, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். பழைய கம்பெனியின் பெயர் காட்டி அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியைக் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம். நெட் இல்லாமல் ஆன் செய்து காட்டினால் இது தெரியவே தெரியாது. இந்த ஒன்றில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

மூன்றாவது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கிய சதவீதத்தையும் அது ஓடிய மணிநேரத்தையும் பாருங்கள். ஸ்கிரீனில் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டால் மூலைகளில் இருக்கும் கறை தெரிந்துவிடும். எல்லா யு.எஸ்.பி. துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். பேட்டரி எப்படியும் தளர்ந்துதான் இருக்கும், புது பேட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சார்ஜ் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் மேல்பக்கம் கை வைத்தால் சுர்ரென்கிறது. ஆபத்தா?

மெல்லிய சுரசுரப்பு மட்டும் என்றால் காரணம் இதுதான். அடாப்டருக்குள் மின்காந்த இரைச்சலைக் குறைக்க ஒரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் உலோக உடம்புக்கு வருகிறது. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இரண்டு பின் அடாப்டரில் அதற்கு வழியில்லை. மூன்று பின் இருந்தும் சுர்ரென்றால் உங்கள் சுவரில் எர்த் இல்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

வாடகை வீடுகளில், அதுவும் பழைய வீடுகளில், இது நிறைய. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவுக்கு வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது. அளந்தால் மட்டும் போதாது, சுவிட்ச் போர்டைக் கழற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். சில இடங்களில் எர்த் கம்பி இழுக்காமல், நியூட்ரலையே ஒரு துண்டுக் கம்பியால் எர்த் பின்னோடு சேர்த்துவிடுவார்கள். அளவுகள் எல்லாம் சரியாகவே காட்டும். என்றாவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் 230 வோல்ட் ஏறிவிடும். உயிர் போகும் விஷயம், வீட்டுக்காரரிடம் தயங்காமல் பேசுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பலமாக அடித்தால் அது கசிவு இல்லை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடாப்டரை மாற்றுங்கள்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது. வீட்டிலிருந்து வேலை, மீட்டிங் நடுவில் மானம் போகிறது.

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யு.பி.எஸ். போதும். ரவுட்டரின் அடிப்பக்கத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட். யு.பி.எஸ். அதே வோல்ட் தர வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். பெட்டியில் 8,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அதை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், சுமார் 30 வாட் மணி. 10 வாட் எடுக்கும் ரவுட்டருக்கு இழப்பெல்லாம் போக இரண்டரை மணி நேரம்.

வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் வருவது ஃபைபரா, சாதாரண லேன் கேபிளா? ஃபைபர் என்றால் வழியில் இருக்கும் பிரிப்பான்களுக்குக் கரண்டே தேவையில்லை. ரவுட்டரையும் ஃபைபர் வந்து சேரும் பெட்டியையும் நீங்கள் உயிரோடு வைத்திருந்தால் நெட் ஓடும். லேன் கேபிள் என்றால் கம்பத்திலோ மாடியிலோ இருக்கும் ஸ்விட்சுக்கும் கரண்ட் வேண்டும், அது உங்கள் கையில் இல்லை. ஏப்ரல், மே மாத இடிமழையில் லேன் போர்ட் கருகிப்போவதும் இந்த வகை இணைப்பில்தான். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்புக் கேபிள் கடத்தும். வானம் இருட்டினால் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

பின்பக்க ரூமில் வைஃபை வருவதே இல்லை.

ரவுட்டரை டி.வி.க்குப் பின்னாலும் செருப்பு ஸ்டாண்டுக்குள்ளும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், தோள் உயரத்தில் வையுங்கள். வைஃபைக்கு இரண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், ஆனால் அடுக்ககத்தில் எல்லா வீட்டு ரவுட்டரும் அதில் மோதிக்கொள்ளும். 2.4-இல் 1, 6, 11 மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை, காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ரிப்பீட்டருக்குச் செலவழிக்காமல், பின்பக்க ரூம் வரை ஒரு லேன் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது அங்கே வைஃபை பரப்பும் கருவியாக, போடுங்கள்.

அப்பா 2000 வாக்கில் டைப் செய்து வைத்த தமிழ்க் கோப்புகள். திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாக வருகிறது. அவ்வளவும் போச்சா?

போகவில்லை, ஒரு எழுத்துகூடப் போகவில்லை. யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தன. கோப்புக்குள் இருப்பது ஆங்கிலக் குறியீடு, கண்ணுக்குத் தமிழாகக் காட்டியது அந்த எழுத்துரு. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஒவ்வொன்றும் ஒரு தனி ஏற்பாடு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தாம், தாப் என்ற பொதுக் குறியீடுகள் வந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் டைப் செய்த எல்லாமே இப்படித்தான் கிடக்கின்றன.

வேர்டில் கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால், மேலே எழுத்துருவின் பெயர் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் அந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக வந்துவிடும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள், நகலில் மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்திருந்தால் அதுவும் தமிழாக மாறி அர்த்தமில்லாமல் நிற்கும். இன்னொன்று, துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்று போலவே இருப்பதால், அந்தக் காலத்தில் பலர் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்துவிடுவார்கள். திரையில் சரியாகத் தெரிந்ததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். யூனிகோடுக்கு வந்ததும் ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகவும், ‘பாட்டு’ என்பது ‘பரட்டு’ ஆகவும் வந்து நிற்கும். ‘பரட்டு’ போலத் தமிழில் இல்லாத சொற்களைத் தேடித் தேடி மாற்றுங்கள். எல்லா ரகரத்தையும் ஒரேயடியாக மாற்றினால் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும்.

பி.டி.எஃப். மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை 300 டி.பி.ஐ. படமாக்கி, கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்தைப் படித்துத் தரும். அச்சு தெளிவாக இருந்தால் திருத்தம் குறைவாகவே இருக்கும்.

தமிழில் வேகமாக டைப் செய்ய எந்த விசைப்பலகை?

எப்போதாவது ஒரு வரி என்றால் ஆங்கில ஒலியில் அடிப்பதே போதும். தினமும் எழுதுபவர்கள் தமிழ் 99 கற்றுக்கொள்ளுங்கள். உயிர் இடது கையில், மெய் வலது கையில். தகரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். விண்டோஸ் 11-இல் இது உள்ளேயே இருக்கிறது.

பாட்டி பாடிய தாலாட்டு, அத்தை கல்யாண நாகஸ்வரம் எல்லாம் கேசட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு எப்படி ஏற்றுவது?

தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள், டேப்பும் பிளேயரும் இரண்டுமே கெட்டுக்கொண்டே வருகின்றன. முதலில் நல்ல பிளேயர் ஒன்று வேண்டும். பரணில் கிடப்பதை எடுத்தால், உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருக்கும். பெல்ட்டை மாற்றி, டேப் ஓடும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பழுப்புக் கறை வராத வரை துடையுங்கள்.

கேசட்டை எடுத்த உடனே பிளே போடாதீர்கள். பின்பக்க மேல்மூலையில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிட்டால் தவறிக்கூட மேலே பதிவாகாது. டேப்பின் நடுவில் தெரியும் பஞ்சுத் துண்டைப் பாருங்கள். அது பசை விட்டு விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகவே வரும். அப்போது திருகாணி போட்ட இன்னொரு காலிக் கேசட்டின் ஓட்டுக்குள் டேப்பை மாற்றிக்கொள்ளலாம். பிறகு ஒரு முறை முழுக்க முன்னாலும் பின்னாலும் ஓட்டுங்கள், ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரியும்.

லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை மைக்குக்கானது, மோனோதான் எடுக்கும், சத்தமும் கரகரவென்று உடையும். ஸ்டீரியோ லைன்-இன் இருக்கும் யு.எஸ்.பி. ஆடியோ கார்டு வாங்கி, பிளேயரின் லைன்-அவுட்டிலிருந்து கொடுங்கள். மென்பொருளுக்கு ஆடாசிட்டி, இலவசம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். சத்தம் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தொடுமளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பைத் தொட்டால் உடைந்த ஒலியை எதனாலும் மீட்க முடியாது. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கால் சுற்று அளவுக்கு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு இடத்தில் சட்டென்று தெளிவு பிறக்கும்.

ஒரு மணி நேரக் கேசட் வேவ் கோப்பாகச் சுமார் 635 எம்.பி. வரும். பாதுகாக்க, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்.பி.3. இரைச்சலை நீக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள். அதிகம் நீக்கினால் பாட்டியின் குரலில் இருக்கும் மூச்சும் சேர்ந்து போய்விடும். கோப்பின் பெயரிலேயே யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதிவிடுங்கள்.

போட்டோவெல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. போதாதா?

போதாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது கிளவுடில். ஊருக்குப் போகும்போது திருச்சியிலோ வேலூரிலோ அம்மா வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க் வைத்துவிட்டு வரலாம். எஸ்.எஸ்.டி.யை வருஷக்கணக்கில் கரண்டே கொடுக்காமல் வைத்திருந்தால் தகவல் மங்கக் கூடும், அலமாரிக்கு ஹார்ட் டிஸ்க்கே மேல்.

பொண்ணுக்குப் பத்து வயசு. எலக்ட்ரானிக்ஸில் ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?

விலை கூடிய கிட் வேண்டாம். சாலிடர் செய்யாமலே பாகங்களைச் செருகும் ஒரு பிரெட்போர்டு, சில எல்.இ.டி., ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச், பேட்டரி. 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு 220 ஓம் போட்டால் ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர் ஓடும். அதை அவளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், மீட்டரில் அதே எண் வரும்போது முகத்தைப் பாருங்கள். அதற்கப்புறம், நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டான ஆர்டுயினோ. சாலிடரிங்கை இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, ஜன்னல் திறந்த அறையில் தொடங்கலாம். 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதம்) சாலிடர் ஈயம் வாங்குங்கள், 183 டிகிரியில் ஒரே சீராக உருகும், கை பழகாதவர்களுக்கு நல்லது. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பேட்டரி ரேடியோவைத் திறந்து பார்க்கலாம். பழைய டி.வி.யைத் திறக்கவே கூடாது.

ஒரு சனிக்கிழமை கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதில்லை, பட்டனை அழுத்தி ஓட்டிப் பார்க்கலாம்.

மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் பார்க்க வேண்டும். நாமே செய்ய முடியுமா?

முடியும். காவேரித் தண்ணீர், போர்வெல், டேங்கர் என்று மூன்றையும் வைத்துச் சமாளிக்கும் இந்த ஊரில் இதைவிட உபயோகமான பொழுதுபோக்கு கிடையாது. வைஃபை உள்ள சின்ன இ.எஸ்.பி.32 போர்டு ஒன்றும், நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சாரும் போதும். சென்சாரைத் தொட்டி மூடியில் கீழ் நோக்கிப் பொருத்தினால், ஒலி போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும்.

மூன்று இடத்தில் தடுக்கும். முதலாவது வோல்ட். சென்சார் 5 வோல்ட்டில் பதில் தரும், இ.எஸ்.பி.32-இன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. நேராக இணைத்தால் போர்டு போய்விடலாம். மூன்று 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக சென்சாரின் எக்கோ காலிலிருந்து கிரவுண்டு வரை போட்டு, எக்கோ பக்கத்து முதல் ரெசிஸ்டருக்கு அடுத்த சந்திப்பிலிருந்து இ.எஸ்.பி.க்கு எடுங்கள். அங்கே சரியாக 3.3 வோல்ட் கிடைக்கும். இரண்டாவது, இந்த சென்சாருக்கு முதல் 20, 25 சென்டிமீட்டர் தெரியாது. மூடிக்கு மேலே ஒரு குழாய்த் துண்டு வைத்து உயர்த்திப் பொருத்தாவிட்டால், தொட்டி நிரம்பும்போதுதான் தப்பாகக் காட்டும். மூன்றாவது வெயில். ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். மத்தியானம் தண்ணீர் தானாக இரண்டு சென்டிமீட்டர் ஏறியது போலத் தெரிந்தால் காரணம் இதுதான், பதற வேண்டாம்.

மொட்டை மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்றால், அதிக தூரம் எட்டும் ரேடியோவான லோரா மாட்யூல் போடுங்கள். நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம், 868 என்று விற்கும் மாட்யூலை அந்த எல்லைக்குள் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரையும் தானே ஓட வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய நீல ரிலேயில் 1 எச்.பி. மோட்டாரைக் கட்டாதீர்கள். ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் என்றாலும் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமலேயே ஓடும். பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டர் போட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். தரைக்குக் கீழே இருக்கும் சம்ப் தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் ஓடாமல் நிறுத்தும் ஏற்பாடும் அதில் இருக்க வேண்டும்.

"பணம் வந்திருக்கு, பின் போட்டு வாங்கிக்கோங்க" என்று போன் வருகிறது.

யு.பி.ஐ.யில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது. போய்விட்டது என்று தெரிந்த அடுத்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பழைய போன் பேட்டரி உப்பியிருக்கிறது. குப்பையில் போடலாமா?

வேண்டவே வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், குத்தவோ அமுக்கவோ செய்யாதீர்கள், தகர டப்பாவில் மணல் போட்டு அதற்குள் வைத்து, கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். 2022 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கும் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரித்த கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு, பல பிராண்டுகளின் சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுப் பார்க்கலாம். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் லேம்ப் மாதிரி பொருள் என்றால் கழிவாக்கும் முன் ரிப்பேர் கஃபே பெங்களூரு கூடும் நாளில் எடுத்துப்போங்கள். தன்னார்வலர்கள் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தே சரி செய்யக் கற்றுத் தருவார்கள்.

லேப்டாப்பைக் கழிவுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன யு.எஸ்.பி. உறை வாங்கிப் போட்டால், அம்மா வீட்டு பீரோவுக்குச் சொன்ன அந்த இன்னொரு பிரதிக்கு அதுவே ஆகும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எச்சரிக்கை காட்டும் டிஸ்க் என்றால் மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். உள்ளே இருப்பதை அழித்து, மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றித் தட்டைக் கீறி, லேப்டாப்போடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.